அத்தியாயம் 7: எது எங்கே இருக்க வேண்டும்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். தையல் கூடத்தை விட்டுவிடுங்கள். அலுவலகத்தில் மட்டும் நூறு பேர். ஜெர்மனி பையர் ஒருவருக்கு டி-ஷர்ட் ஆர்டர் ஓடுகிறது. நீல நிறத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் (சாயமிட்ட மாதிரித் துணி) அனுப்பினார்கள். அதில் ஒன்றுக்குப் பையர் ஓகே சொல்லிவிட்டார். எதற்கு? டையிங் யூனிட்டிலிருந்து போன் வருகிறது. ஆர்டரைப் பார்க்கும் மெர்ச்சன்டைசர் குலதெய்வம் கோயிலுக்கு ஊருக்குப் போயிருக்கிறார். மெயிலைத் துழாவினால் லேப் டிப் அனுப்பிய மெயில் இருக்கிறது, பதிலைக் காணோம். வீடியோ மீட்டிங்கில் சொல்லியிருப்பார் என்கிறார் ஒருவர். "வாட்ஸ்அப்ல 'பி ஓகே'ன்னு வந்த ஞாபகம் சார். ஆனா அது நேவிக்கா ராயல் ப்ளூவுக்கான்னு தெரியல" என்கிறார் இன்னொருவர்.

இந்த நிறுவனத்தில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். பையர் கேட்டுக்கொண்டதால் மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் உண்டு. ஐடி பிரிவில் யாரோ ஆர்வமாக ஒரு ட்ரெல்லோ பலகையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போதாக்குறைக்குப் பதினான்கு வாட்ஸ்அப் குழுக்கள். இத்தனை கருவியும் சேர்ந்து, தேட வேண்டிய இடங்களைத்தான் கூட்டியிருக்கின்றன.

எந்தக் கருவி நல்லது என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் அலுவலகத்தில் முடிவுகள் எங்கே இருக்கின்றன? இதற்கு எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால், எந்தக் கருவியை வைத்தும் ஓட்டிவிடலாம். ஆளுக்கொரு பதில் வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பழைய கதைதான். இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

கருவிகள் பிறந்த கதை

தொலைவில் இருப்பவர்கள் ஒரே ஆவணத்தில் ஒன்றாக வேலை செய்வது புது யோசனை இல்லை. 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ மேடையில் உட்கார்ந்து, மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரின் முகத்தைத் திரையில் காட்டியபடி, இருவருமாக ஒரே ஆவணத்தில் கைவைத்துக் காட்டினார். அது அலுவலக மேசைக்கு வந்துசேர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. ரைட்லி என்ற சிறிய சேவையை 2006-இல் கூகுள் வாங்கியது. அதுதான் கூகுள் டாக்ஸின் தொடக்கம். நம் சென்னையின் ஜோஹோ அதற்கு முந்தைய ஆண்டே ஜோஹோ ரைட்டரைக் கொண்டுவந்துவிட்டது.

ஸ்லாக்கின் கதை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு கிளிட்ச் என்று ஓர் இணைய விளையாட்டைச் செய்துகொண்டிருந்தது. விளையாட்டு எடுபடவில்லை, 2012-இல் மூடிவிட்டார்கள். ஆனால் வெவ்வேறு ஊர்களில் இருந்த அந்தக் குழு தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துவைத்திருந்த கருவி மிஞ்சியது. 2014-இல் அது ஸ்லாக் என்று கடைக்கு வந்தது. 2017-இல் டீம்ஸ் வந்தது. கவனித்தீர்களா, பட்டர்ஃபீல்டின் குழுவில் வேலை செய்யும் பழக்கம் முதலில் இருந்தது. கருவி பிறகுதான் வந்தது. நாம் கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, பழக்கமும் அதே பெட்டியில் வரும் என்று காத்திருக்கிறோம்.

நான்கு இடங்கள் போதும்

எந்த நிறுவனமானாலும் வேலைக்கு நான்கு இடங்கள் போதும். பேச்சுக்கு ஓர் இடம்: ஸ்லாக், டீம்ஸ், ஜோஹோ கிளிக், கூகுள் சாட், இவற்றில் ஏதாவது ஒன்று, ஒன்றே ஒன்று. அதற்குள் ஒவ்வொரு வேலைக்கும் பிரிக்கும் தனிப் பேச்சு அறைதான் சேனல். ஆவணங்களுக்கு ஓர் இடம்: நிறுவனத்தின் பெயரில் இருக்கும் டிரைவ். யார், எதை, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பதற்கு ஓர் இடம்: ட்ரெல்லோவோ, ஜிராவோ, ஏற்றுமதிக்காரர்கள் வழக்கமாக வைத்திருக்கும் டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்‌ஷன்) ஷீட்டோ. வெளியாட்களோடு எழுத்து மூலம் பேச மெயில்.

இதைப் படித்துவிட்டு நான்கையும் புதிதாக வாங்கக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலான அலுவலகங்களில் நான்கும் ஏற்கெனவே இருக்கும். இல்லாதது, எது எதற்கு என்ற ஒற்றைப் பக்கக் குறிப்பு. "பையரின் ஒப்புதல் எந்த வழியில் வந்தாலும் அன்றைக்கே ஆர்டர் சேனலில் பதிய வேண்டும், விலை பேசுவது மெயிலில் மட்டும், அளவு விளக்கப்படத்தின் நடப்புப் பதிப்பு டிரைவில் மட்டும்" என்று பத்து வரி எழுதி, நிர்வாக இயக்குநர் பெயரில் வெளியிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஐடி பிரிவின் பெயரில் வந்தால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். இது என் அனுபவம் மட்டுமல்ல, உங்கள் அனுபவமும்தான்.

வாட்ஸ்அப்பை என்ன செய்வது?

"இனி அலுவலக வேலைக்கு வாட்ஸ்அப் கூடாது" என்று சுற்றறிக்கை விடுவது எளிது. மறுநாளே அது மீறப்படும். காரணம் நியாயமானது. நிட்டிங் ஜாப்-ஒர்க் எடுப்பவர், டையிங் சூப்பர்வைசர், லாரி டிரைவர், அட்டைப்பெட்டி சப்ளையர் என்று எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களை ஸ்லாக்குக்கு வாருங்கள் என்று அழைத்தால் சிரிப்பார்கள்.

ஆனாலும் அதன் பிரச்சினை உண்மையானது. வாட்ஸ்அப் கணக்கு ஒருவரின் செல்போன் எண்ணுக்குச் சொந்தம், நிறுவனத்துக்கு அல்ல. அவர் வேலையை விட்டால் மூன்று ஆண்டுப் பேச்சும் அவரோடு போய்விடும். புதிதாக வருபவரைக் குழுவில் சேர்த்தாலும் பழைய பேச்சு முழுவதும் அவருக்குக் கிடைக்காது. அனுப்பிய செய்தியை அனுப்பியவரே இரண்டு நாள் வரை எல்லார் போனிலிருந்தும் அழித்துவிடலாம். பையரோடு தகராறு முற்றி வழக்கு என்று வந்தால், மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்க 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. மனஸ்தாபத்தோடு வேலையை விட்டுப்போனவரின் போனுக்கு எங்கே போவீர்கள்?

இதில் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் பட்டபாடு பெரிது. ஊழியர்கள் சொந்த போனில் வேலை விஷயம் பேசியதையும் அந்தப் பேச்சுகளை நிறுவனம் பாதுகாத்து வைக்காததையும் காரணம் காட்டி, 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 16 வால் ஸ்ட்ரீட் நிறுவனங்களுக்கு மொத்தம் 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. பனியன் தைப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அங்கேயும் ஊழியர்கள் செய்தது, நம் ஊரில் எல்லாரும் தினமும் செய்வதுதான்.

நான் பரிந்துரைப்பது ஒரு நடுவழி. வாட்ஸ்அப்பில் செய்தி வரட்டும்: "லாரி அவிநாசி தாண்டிடுச்சு", "கம்ப்ரசர் நின்னுபோச்சு, ஆள் அனுப்புங்க". இவை நாளை யாருக்கும் வேண்டாம். ஆனால் அளவு, நிறம், விலை, தேதி, இந்த நான்கில் எது மாறினாலும் அந்தச் செய்தியைப் பெற்றவர் அன்று மாலை கிளம்புவதற்குள் ஆர்டர் சேனலில் எழுதிவிட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் ஒட்டினால் போதாது. படத்துக்குள் இருக்கும் எழுத்து எல்லாக் கருவிகளின் தேடலிலும் சிக்காது. பக்கத்தில் ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும்.

சேனலுக்குப் பெயர் வைப்பது

சேனலை ஆள் பெயரிலோ துறை பெயரிலோ ஆரம்பிக்கிறார்கள்: "சுரேஷ் டீம்", "மெர்ச்சன்டைசிங்". ஆட்கள் மாறுவார்கள், துறை சேனலில் முப்பது ஆர்டர் கலந்து ஓடும். வேலையின் பெயரில் ஆரம்பியுங்கள். ஒவ்வொரு பையருக்கும் ஒன்று. பெரிய ஆர்டர் என்றால் அதற்குத் தனியாக ஒன்று, ஷிப்மென்ட் போனதும் அதைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம். காப்பகத்துக்குப் போனது அழிந்துபோவதில்லை, தேடினால் கிடைக்கும். ஆனால் ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் இருந்தால் இந்த நம்பிக்கை வேண்டாம்: 90 நாளைத் தாண்டிய செய்திகள் கண்ணுக்கு மறைந்துவிடும், ஓராண்டைத் தாண்டியவை அழிக்கப்படும். அடுத்த சீசனில் அதே ஸ்டைலுக்கு ரிப்பீட் ஆர்டர் வரும்போதுதான் இது உறைக்கும்.

சேனல்கள் நிறுவனத்துக்குள் எல்லாருக்கும் திறந்திருப்பது நல்லது. சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை, லாபக் கணக்கு, இவற்றுக்கு மட்டும் பூட்டு. ஆனால் திறந்துவைத்தால் மட்டும் மக்கள் பேசிவிடுவார்களா? இங்கேதான் நம் அலுவலகங்களின் உண்மையான முடிச்சு இருக்கிறது.

ஒரு ஜூனியர் மெர்ச்சன்டைசருக்குச் சந்தேகம் வருகிறது. சேனலில் கேட்டால் நாற்பது பேர் பார்ப்பார்கள். "இதுகூடத் தெரியாதா" என்று யாராவது நினைப்பார்கள். மேனேஜர் சார் பார்த்தால் இன்க்ரிமென்ட் நேரத்தில் ஞாபகம் வைத்திருப்பார். எதற்கு வம்பு என்று பக்கத்து சீட் அக்காவிடம் தனிச்செய்தியில் கேட்டுக்கொள்கிறார். அக்கா சொன்ன பதில் சரியானதுதான். ஆனால் அதே சந்தேகம் வந்த இன்னும் மூன்று பேருக்கு அது போய்ச்சேரவில்லை. அக்கா சொன்னது தவறாக இருந்தாலோ, திருத்த அங்கே யாருமே இல்லை.

இதைக் கூட்டம் போட்டு அறிவுரை சொல்லி மாற்ற முடியாது. மேலே இருப்பவர் தன் சந்தேகத்தை முதலில் பொதுவில் கேட்க வேண்டும். "இந்தப் பையர் புதுசா கேக்கற டெஸ்டிங் ரிப்போர்ட் என்னன்னு எனக்குப் புரியல, யாருக்காவது தெரியுமா?" என்று ஜெனரல் மேனேஜர் சேனலில் எழுதினால், மறுவாரமே கீழே இருப்பவர்களின் கை அவிழும். தனிச்செய்தியில் வரும் கேள்விக்கு, "நல்ல கேள்வி. சேனல்ல போடுங்க, அங்கயே பதில் சொல்றேன்" என்று ஒரு வரி போதும். போட்டதும் பதில் சொல்ல வேண்டும் என்பது முக்கியம். பொதுவில் கேட்டவரைக் காக்க வைத்துவிட்டு, தனியாகக் கேட்டவருக்கு உடனே பதில் சொன்னால் எல்லாரும் தனிச்செய்திக்கே திரும்பிவிடுவார்கள்.

இன்னொன்று. திட்டுவது எப்போதும் தனியாக, நேரில் அல்லது போனில். சேனலில் ஒரே ஒரு முறை ஒருவரைக் கடிந்துகொண்டால் போதும், ஆறு மாதத்துக்கு அங்கே "நோட்டட் சார்" தவிர வேறொன்றும் வராது.

ஒரு செய்தியை எப்படி எழுதுவது

"ஹாய் சார்." அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். பத்து நிமிடம் கழித்து "ஃப்ரீயா சார்?" அப்புறம் போன்: "சார், சாட் பண்ணியிருந்தேன், பார்த்தீங்களா?" பார்க்க அதில் என்ன இருந்தது? நேரில் அறைக்குள் நுழையும்போது வணக்கம் சொல்லி, முகம் பார்த்து, பிறகு விஷயத்துக்கு வருவது மரியாதை. எழுத்தில் அந்த மரியாதை, விஷயத்தையும் வணக்கத்தையும் ஒரே செய்தியில் அனுப்புவதுதான். அவர் எப்போது பார்த்தாலும் பதில் சொல்லிவிட்டுப் போகலாம்.

நம் நீல நிற ஆர்டருக்கான செய்தி இப்படி இருந்தால் போதும்:

"மேடம், ஆர்டர் 4471, ராயல் ப்ளூ. லேப் டிப் பி-க்குப் பையர் நேற்று ஒப்புதல் கொடுத்துவிட்டார். அவருடைய மெயில் லிங்க் கீழே. 320 கிலோ துணியை இன்று மாலை 4 மணிக்குள் டையிங்குக்கு அனுப்பலாமா? 4 மணிக்குள் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் நாளைக் காலை ஷிஃப்டுக்கு மாற்றிவிடுகிறேன்."

ஆர்டர் எண் முதலில் இருக்கிறது, தேடினால் சிக்கும். ஆதாரம் கூடவே இருக்கிறது. கேள்வி ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியது. ஆனால் இந்தச் செய்தியின் உயிர் கடைசி வரியில் இருக்கிறது. பதில் வராவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டதால், மேடம் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டாலும் வேலை அந்தரத்தில் நிற்காது. அந்த மாற்று ஏற்பாடு செலவில்லாததாக, திரும்பப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும். "பதில் வராவிட்டால் சாயம் போட்டுவிடுகிறேன்" என்று எழுதினால் அதற்குப் பெயர் மிரட்டல்.

பதிலுக்கு "ஓகே", "நோட்டட்", "தேங்க்யூ சார்" என்று பதினைந்து பேர் எழுதுவதற்குப் பதிலாக ஒரு கட்டைவிரல் குறி வைக்கலாம். ஒரு விஷயத்தின் தொடர் பேச்சு அதன் த்ரெட்டுக்குள்ளேயே நடக்கட்டும். @ குறி போட்டு சேனலில் உள்ள எல்லாரையும் தட்டியெழுப்பும் வசதியை நெருப்பு அலாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலை வணக்கப் படங்களுக்குத் தனிச் சேனல் ஒன்று கொடுத்துவிடுங்கள். தடை போட்டால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

அவசரம் என்றால் எழுதாதீர்கள், போன் செய்யுங்கள். பேசி முடித்தபின் பேசியதை இரண்டு வரி எழுதிவையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: எழுதிவிட்டு, எழுதியிருக்கிறேன் என்று சொல்வதற்குப் போன் செய்கிறார்கள்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. "நாளைக்கு" என்பதை ஆங்கில எழுத்தில் ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதுவார்கள். மூன்று மாதம் கழித்துத் தேடும்போது ஒன்று கிடைக்கும், நான்கு கிடைக்காது. பேச்சு எப்படி இருந்தாலும், ஆர்டர் எண், ஸ்டைல் பெயர், தேதி ஆகியவற்றை எல்லாரும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஆவணங்களை யுனிகோடில் மட்டும் அடியுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய சுற்றறிக்கையைப் பகிர்ந்த ஆவணத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடலிலும் வராது. தமிழக அரசே 2010-இல் யுனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஒரே ஃபைல், ஒரே லிங்க்

"டி அண்ட் ஏ பைனல்", "டி அண்ட் ஏ பைனல் 2", "டி அண்ட் ஏ பைனல் சார் கரெக்‌ஷன்", "டி அண்ட் ஏ பைனல் பைனல் நியூ". இந்த வரிசையைப் பார்க்காத அலுவலகம் கிடையாது. மெயிலில் ஃபைலை இணைத்து அனுப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு நகல் பிறக்கிறது. நான்கு பேருக்கு அனுப்பினால் நான்கு உண்மைகள். பேக்கிங் பிரிவு ஒரு தேதியை நம்பும், ஷிப்பிங் பிரிவு இன்னொன்றை.

அலுவலகத்துக்குள் ஃபைலை இணைக்காதீர்கள், லிங்க் அனுப்புங்கள். மாற்றிய பின் பழையது போய்விடுமே என்ற பயம் வேண்டாம். கூகுள் டாக்ஸிலும் ஷீட்டிலும், டிரைவில் வைத்த வேர்டு, எக்செல் ஃபைல்களிலும் பதிப்பு வரலாறு இருக்கிறது: யார் எப்போது எதை மாற்றினார் என்று பார்க்கலாம், பழைய பதிப்புக்குத் திரும்பலாம். கூகுளில் ஒரு பதிப்புக்குப் பெயரும் வைக்கலாம். பிபி சாம்பிளுக்கு (உற்பத்திக்கு முந்தைய மாதிரிக்கு) பையர் ஒப்புதல் கொடுத்த அன்று "பிபி சாம்பிள் ஒப்புதல்" என்று பெயர் வைத்துவிட்டால், பின்னால் வாக்குவாதம் வரும்போது அந்த நாளின் ஷீட்டை அப்படியே திறந்து காட்டலாம்.

மீட்டிங் குறிப்பு போல ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் ஃபைல்களுக்கு மட்டும் பெயரின் முன்னால் தேதி போடுங்கள், ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில்: 2025-04-03. ஃபோல்டரில் தானாக வரிசையாக நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு. 03/04 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கப் பையருக்கு மார்ச் 4.

பகிர்ந்த ஷீட்டில் அன்றாடம் சண்டை வருவது இரண்டு விஷயத்தால். ஒன்று, ஃபில்டர். கூகுள் ஷீட்டில் நீங்கள் சாதாரண ஃபில்டர் போட்டு உங்கள் ஆர்டரை மட்டும் வைத்துக்கொண்டால், அதே நேரத்தில் அதே ஷீட்டைத் திறந்திருக்கும் எல்லாருக்கும் மற்ற வரிகள் மறைந்துவிடும். "என் ஆர்டரை யார் டெலீட் பண்ணது?" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வரும். அதற்கென்றே ஃபில்டர் வியூ என்ற வசதி இருக்கிறது. அதில் நீங்கள் மறைப்பது உங்கள் கண்ணுக்கு மட்டும் மறையும். எக்செலில் இதே வேலையை ஷீட் வியூ செய்கிறது. இரண்டு, கை தவறி விலைக் கட்டத்தில் எதையோ தட்டிவிடுவது. விலை, அளவு, எக்ஸ்-ஃபேக்டரி தேதி (சரக்கு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் நாள்) உள்ள நெடுவரிசைகளைப் பூட்டி, மாற்றும் உரிமையை இரண்டு பேரிடம் மட்டும் கொடுங்கள். மற்றவர்கள் கமென்ட் போடட்டும்.

ஷீட் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது தெரியவந்தது. ஆய்வகங்களிலிருந்து வந்த தரவை எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றியதுதான் காரணம். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான் கொள்ளும், மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்துபோனது. ஆர்டர்கள் பெருகி ஷீட் திறக்கவே முக்கி முனகத் தொடங்கினால், மென்பொருளுக்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

முடிவுப் பதிவேடு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்து பார்க்க நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பையருக்கும் ஒரு ஷீட், ஐந்தே நெடுவரிசை: தேதி, ஆர்டர், முடிவு, சொன்னவர், ஆதாரம். ஒரு வரி இப்படி இருக்கும்: "2025-06-11 | 4471 | ராயல் ப்ளூ, லேப் டிப் பி ஒப்புதல் | பையரின் க்யூசி மேனேஜர் | மெயில் லிங்க்". வாய்மொழியாக வந்தது என்றால் ஆதாரக் கட்டத்தில் "வீடியோ மீட்டிங், மெயிலில் உறுதி கேட்டுள்ளோம்" என்று எழுதுங்கள். உறுதி வந்ததும் லிங்கை மாற்றுங்கள். வரியை அழிக்கக் கூடாது. முடிவு மாறினால் புது வரி.

அலுத்துக்கொள்வார்கள். எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால் அந்த அலுப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மீட்டிங் பேச்சைத் தானாகச் சுருக்கித்தரும் செயற்கை நுண்ணறிவு வசதிகள் இப்போது டீம்ஸிலும் ஜூமிலும் கூகுள் மீட்டிலும் வந்திருக்கின்றன. நம்மவர்கள் தமிழும் ஆங்கிலமும் தொழில் சொற்களும் கலந்து பேசுவதை அவை அடிக்கடி தவறாகப் பிடிக்கின்றன. சுருக்கத்தை ஒருவர் படித்துத் திருத்திய பின்தான் பதிவேட்டுக்குப் போக வேண்டும்.

மீட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல இங்கே இடமில்லை. நேரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. அங்கே கடிகாரம் மாறுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். மார்ச்சில் இரண்டு, மூன்று வாரம் ஒரு பையருக்கு நேரம் மாறியிருக்கும், இன்னொருவருக்கு மாறியிருக்காது. "வழக்கமான நேரம்" என்று எழுதாமல் காலண்டர் அழைப்பு அனுப்புங்கள். கணக்கை அது பார்த்துக்கொள்ளும்.

சாவி யாரிடம்?

ஒருவர் வேலையை விடும்போது அலுவலகம் அடையாள அட்டையையும் லேப்டாப்பையும் ஞாபகமாக வாங்கிக்கொள்கிறது. ஃபைல்களை மறந்துவிடுகிறது. கூகுளில் ஒருவரின் சொந்த டிரைவில் உருவான ஃபைலுக்கு அவர்தான் உரிமையாளர். உரிமையை வேறொருவருக்கு மாற்றாமல் கணக்கை நீக்கிவிட்டால் அவையும் போய்விடும். நீக்கிய கணக்கை மீட்க நிர்வாகிக்கு 20 நாள்தான் அவகாசம். அதனால் வேலை சார்ந்த எதையும் முதல் நாளிலிருந்தே பகிர்வு டிரைவில் உருவாக்குங்கள். அங்கே ஃபைல் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆள் போனாலும் ஃபைல் இருக்கும். டீம்ஸ் பயன்படுத்துபவர்கள் சொந்த ஒன்டிரைவில் வைக்காமல் சேனலின் ஃபைல் பகுதியில் வைத்தால் இதே பலன்.

பையரையோ வெளி ஏஜென்டையோ விருந்தினராகச் சேனலில் சேர்க்கும்போது, அந்தச் சேனலின் பழைய பேச்சையும் அவர் படிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். "இந்த ரேட்டுக்கு ஒத்துக்கிட்டா நமக்கு நல்ல மார்ஜின்" என்று போன மாதம் யாரோ எழுதியது அங்கேயே இருக்கும். விருந்தினருக்குப் புதுச் சேனல் ஆரம்பிப்பதே நல்லது. எல்லாருடைய கணக்குக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். முதலாளிக்கு விலக்கு இல்லை, அவருடைய கணக்கைத்தான் முதலில் குறிவைப்பார்கள்.

கடைசியாக, ஃபைலைப் பகிரும்போது வரும் "லிங்க் வைத்திருக்கும் எவரும்" என்ற தேர்வு. அவசரத்தில் அதைத்தான் எல்லாரும் தட்டுகிறார்கள், அனுமதி கேட்டு மெயில் வராது என்பதால். அந்த லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு குழுவுக்குப் போனால், எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரையான) விலையும் துணிக்கான செலவும் உள்ள காஸ்டிங் ஷீட்டை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஊழியர்களின் ஆதார் நகல் உள்ள ஃபோல்டர் அப்படிக் கிடந்தால் வெட்கக்கேடு மட்டுமல்ல, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதில் சொல்ல வேண்டியதும் நிறுவனம்தான்.

எனவே அடுத்த அத்தியாயத்துக்குப் போகுமுன் உங்கள் டிரைவைத் திறந்து, கடைசியாகப் போட்ட காஸ்டிங் ஷீட்டைத் தேடி, பகிர்வுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். "எவரும்" என்று இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். சம்பளப் பட்டியலுக்கும் அப்படியே.